போஞ்சிக் கம்புகளும் தம்பையாவின் ஆடும்

கொடி படர நட்ட போஞ்சிக் கம்புகள் மறுபடியும் சாய்ந்து நின்றன.

நேற்று இருட்டுவதற்குள் நிரஞ்சலா ஒவ்வொரு கம்பாக நிமிர்த்தி, அடியில் கல் வைத்து இறுக்கி, சணலால் ஒன்றோடொன்றைக் கட்டிவிட்டுத்தான் போனாள். விடிந்து வந்து பார்த்தால், தோட்டத்துத் துரைக்குச் சலாம் வைக்கும் வரிசை மாதிரி அத்தனையும் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் பக்கமாகக் குனிந்திருக்கின்றன.

"தம்பையா மாமா!"

லயத்தின் கடைசிக் காம்பிராவின் பின்கதவு திறந்தது. பல்லில் கரியோடு தம்பையா எட்டிப் பார்த்தார். தேயிலைத் தோட்டத்தில் காவல் வேலை செய்து ஓய்வு பெற்றவர். இப்போது அவர் காவல் காப்பது ஓர் ஆட்டை மட்டும்தான்; அதையும் சரியாகக் காப்பதில்லை என்பது நிரஞ்சலாவின் கட்சி.

"என்னா புள்ள, விடியக்காலையிலேயே?"

"ஒங்க ஆட்டைக் கட்டிப் போடுறீங்களா, இல்ல நான் கட்டவா?"

"அது என்னா செஞ்சிச்சு?"

"கம்புல ஒடம்பத் தேய்க்குது. எல்லாம் சாஞ்சு கெடக்கு, பாருங்க."

தம்பையா வந்து பார்த்தார். கரியைத் துப்பினார். "ஆடு தேய்ச்சா ஒரு கம்பு சாயும், ரெண்டு கம்பு சாயும். இம்புட்டும் ஒரே பக்கமாச் சாயுமா? என் ஆடு என்னா, கொழுந்தெடுக்குற ஆளு மாதிரி பெரட்டுல போய்ப் பேரு குடுத்துட்டு வந்து நெர புடிச்சு வேலை பாக்குதா?"

"பேசாமக் கட்டுங்க மாமா. மாசக் கடைசியில ஆள் வருது."

அந்த 'ஆள்' வருவதில்தான் எல்லாம் இருந்தது.

ஊசிக்கல் தேயிலைத் தோட்டத்தின் முதல் பட்டதாரி நிரஞ்சலா. பட்டம் வாங்கி வந்த அன்று கோயிலில் மாலை போட்டார்கள். மாலை வாடிய பிறகு மூன்று வருஷமாக அவள் செய்த வேலை, லயத்துப் பிள்ளைகளின் விண்ணப்பங்களை நிரப்பியதும், கலியாண வீடுகளில் வாழ்த்து மடல் வாசித்ததும்தான். "இன்னும் வேலை கெடைக்கலையா?" என்று கேட்பவர்களைப் பார்த்துச் சிரிப்பதையும் ஒரு வேலையாகச் சேர்த்துக்கொள்ளலாம். அதில்தான் முதுகு அதிகமாக வலிக்கும்.

பிறகு பதுளை டவுனில் ஒரு நிறுவனம் ஆள் கேட்டது. லயங்களில் உள்ள பெண்களுக்கு வீட்டுத் தோட்டம் செய்யக் கற்றுக்கொடுக்க வேண்டும். இயற்கைப் பசளை, கூட்டெரு, மருந்தடிக்காமல் பூச்சி விரட்டுவது. நேர்முகத்தில் நிறுவனத்து அதிகாரி முன்ஸிப் சேர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"ஒங்கட வீட்டுல தோட்டம் இருக்கா மிஸ்?"

"இருக்கு சேர்."

"கெமிக்கல் ஏதும் போடுறதா?"

"ஒரு பிடிகூட இல்ல சேர்."

தோட்டம் இருந்தது உண்மை. அம்மா ஜெயலெட்சுமி லயத்துக்குப் பின்னால் மேட்டில் போஞ்சியும் கோவாவும் போட்டிருந்தாள். ஆனால் தேயிலைக்கு உரம் போடும் நாளில் இடுப்பில் கட்டும் படங்கின் மடிப்பில் ஒரு பிடி உரம் வீட்டுக்கு வராமல் அந்தக் கோவா ஒருநாளும் இலை மூடி உருண்டதில்லை. தோட்டத்தில் அதற்குத் திருட்டு என்று பெயரில்லை. கொடுக்க வேண்டிய சம்பளத்தைக் கொடுக்காதவர்களிடமிருந்து அது எப்படித் திருட்டாகும்?

"அப்ப மாசக் கடைசியில வந்து பாப்பம்," என்றார் முன்ஸிப் சேர். "தோட்டம் நீங்க சொன்ன மாதிரி இருந்தா ஒண்டாந் தேதியில இருந்து வேலை."

வீட்டுக்கு வந்த நிரஞ்சலா முதல் வேலையாக அம்மாவின் உரப் பொட்டலத்தை எடுத்துத் தேயிலைக்குள் வீசினாள். ஜெயலெட்சுமி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"பதினேழு வருசம் படிக்க வச்சது சாணி கரைக்கவா புள்ள?"

"ஆமா. சாணி கரைச்சாத்தான் சம்பளம் தருவாங்களாம்."

தம்பையா ஆட்டைக் கட்டினார். கட்ட இடம் தேட வேண்டியிருக்கவில்லை. லயத்துக்குப் பக்கத்தில் ஓர் அடிக்கல் நின்றது. போன தேர்தலுக்கு முந்தின தேர்தலில், 'லயத்தை ஒழிப்போம், தனி வீடு தருவோம்' என்று ஒருவர் வந்து நாட்டிவிட்டுப் போன கல். அந்தத் திட்டத்தால் இதுவரை பலன் கண்ட ஒரே ஜீவன் அந்த ஆடுதான்.

மறுநாள் காலை ஆடு அடிக்கல்லில் அசை போட்டுக்கொண்டிருந்தது. போஞ்சிக் கம்புகள் சாய்ந்திருந்தன.

"இப்ப என்னா சொல்ற?" என்றார் தம்பையா.

நிரஞ்சலா கம்புகளை நிமிர்த்தப் போனாள். ஆட்டிடம் மன்னிப்புக் கேட்கும் அளவுக்கு அவள் மனம் இன்னும் விசாலமாகவில்லை.

இரண்டு நாள் கழித்துத் தம்பையாவே கத்திக்கொண்டு வந்தார். அவர் துணி காயப்போடும் கொடிக் கம்பு சாய்ந்துவிட்டது. அவருடைய வெள்ளை வேட்டி மண்ணில் புரண்டு காவி வேட்டியாகிவிட்டது.

"ஆட்டு மேல பழி போட்டே, பொறுத்துக்கிட்டேன். இப்பப் பழிவாங்க என் கம்பையே சாய்ச்சுப்புட்டியா?"

"எனக்கு வேற வேலை இல்லையா மாமா?"

"இல்லையே! அதுதான லயத்துக்கே தெரியுமே!"

அன்று நிரஞ்சலா சோறு தின்னவில்லை. கோபத்தையெல்லாம் மண்வெட்டியில் ஏற்றிக்கொண்டு கூட்டெருக் குழியைக் கிளறப் போனாள்.

அந்தக் குழிதான் அவளுடைய பெருமை. காய்ந்த இலை ஓர் அடுக்கு, காட்டுச் சூரியகாந்தித் தழை ஓர் அடுக்கு, சாணி, அடுப்புச் சாம்பல், மரக்கறித் தோல், மறுபடியும் இலை என்று படித்தபடியே போட்டிருந்தாள். கையில் எடுத்துப் பிழிந்தால் முறுக்கிப் பிழிந்த துணிபோல் ஈரம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். கூடினால் அழுகும். குறைந்தால் மக்காது.

மண்வெட்டி 'சளக்' என்றது.

குழி நிறையத் தண்ணீர். இலையும் சாணியும் அதில் ரசம் மாதிரி மிதந்தன. நிரஞ்சலா வானத்தைப் பார்த்தாள். விடாமல் கொட்டிய மழை ஓய்ந்து ஒரு வாரமாகிறது. நமுனுகுல மலை உச்சிகூட வெளித்துத் தெரிந்தது. மேலிருந்து வராத தண்ணீர் பக்கத்திலிருந்துதானே வர வேண்டும்? அவள் பக்கத்துக் காம்பிராவைப் பார்த்தாள்.

"செசிலி அக்கா! துணி தொவைச்ச தண்ணியக் கொண்டாந்து என் குழியில ஊத்துறீங்களா?"

செசிலி இடுப்பில் கை வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அவளிடம் சண்டை போட்டவர்கள் பிறகு சமாதானத்துக்கும் அவளிடமேதான் போக வேண்டும். லயத்தில் அவளுக்கு அப்படி ஓர் அதிகாரம்.

"நான் மலையிலருந்து வர்ற பீலித் தண்ணியில தொவைக்கிறவ. அப்பிடியே ஊத்தியிருந்தாலும், என் சோப்புத் தண்ணின்னா நொர எங்கடி?"

"நொர வத்தியிருக்கும்."

"நொர வத்தும், தண்ணி வத்தாதா? இதுதான் படிச்ச எடத்துல சொல்லிக் குடுத்தாங்களா?"

இந்தக் கேள்விக்கு அவள் பட்டம் வாங்கிய அரசியல் விஞ்ஞானத்தில் பதில் இருக்கவில்லை. நிரஞ்சலா குழியிலிருந்து வடிகாலாக ஒரு கான் வெட்டினாள். தண்ணீர் வடிந்தது. குழி காயும் என்று சாயந்தரம் வரை காத்திருந்தாள். குழி காயவில்லை. கான்தான் நிற்காமல் ஓடியது, புதிதாக ஒரு பீலி வந்ததுபோல.

"மழையில்லாமக் கான் ஓடுது பாத்தியா?" என்றாள் ஜெயலெட்சுமி.

"மண்ணுல ஈரம் புடிச்சிருக்கும்மா. நல்ல மண்ணுக்கு அதுதான் அடையாளம். மண்புழு எம்புட்டு மேல வந்திருக்கு பாருங்க!"

மண்புழுக்கள் உண்மையிலேயே பாத்திகளின் மேல் கும்பல் கும்பலாக நெளிந்தன. நிரஞ்சலா அவற்றைப் போனில் படம் பிடித்தாள். மூன்று வருஷத்தில் அவளைத் தேடி வந்த முதல் கூட்டம் அதுதான்.

கான் தண்ணீர் லயத்தின் பின்சுவருக்குப் போய்ச் சேர்ந்தது. சுவர் ஊறியது. ஜெயலெட்சுமியின் பின்கதவு இறுகிக்கொண்டு திறக்க மறுத்தது. பிறகு செசிலியின் கதவும். தோட்டத்து அலுவலகமான கந்தோரில் போய்ச் சொன்னதற்குக் கிளாக்கர் தலை நிமிராமலே சொன்னார்: "கதவுக்குக் கொஞ்சம் எண்ணெய் விடுங்க."

"கதவுக்கு விட்டா கறிக்கு எங்க போறது?" என்று கேட்டுவிட்டு ஜெயலெட்சுமி திரும்பி வந்தாள். அன்றிலிருந்து முன்கதவால் வெளியே வந்து, லயத்தைச் சுற்றிக்கொண்டுதான் தன் தோட்டத்துக்கு அவள் போக வேண்டியிருந்தது.

அதற்குள் பீலித் தண்ணீர் கலங்கிவிட்டது. தெளிவாக வந்த தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் வந்தது. குடத்தோடு நின்ற பெண்கள் எல்லோரும் ஒரே திசையைப் பார்த்தார்கள்.

"படிச்ச புள்ள நமக்கெல்லாம் சாணியக் கரைச்சு ஊத்திருச்சு," என்றாள் செசிலி.

"என் குழி கீழ இருக்கு, பீலி மேலயிருந்து வருது! சாணி மேல ஏறிப் போகுமா?"

"நீ செஞ்சா போகும்டி. ஒன் படிப்பே தலைகீழாத்தான இருக்கு."

இதற்கு நடுவில் பூச்சிகளும் சும்மா இருக்கவில்லை. போஞ்சிக் கொழுந்தில் அசுவினி அப்பியது. நிரஞ்சலா உள்ளிப்பூண்டும் உறைப்பான கொச்சிக்காயும் அரைத்து, சவர்க்காரத் தண்ணீரில் கலந்து அடித்தாள். அந்த நேரம் பார்த்துக் காற்று லயத்தின் பக்கம் திரும்பியது. அசுவினி அசையவில்லை. லயம் முழுவதும் தும்மியது. தொட்டிலில் கிடந்த குழந்தைகள் வீரிட்டன. செசிலி கண்ணைக் கசக்கியபடி, "பூச்சி யாருன்னு இப்பத் தெரிஞ்சு போச்சு," என்றாள்.

நத்தைக்கு வேறு மருந்து. சீனியும் ஈஸ்ட்டும் தண்ணீரில் கலந்து புளிக்கவைத்து, தேங்காய்ச் சிரட்டைகளில் ஊற்றி மண்ணில் பதித்தால், வாசத்துக்கு வந்து நத்தை விழுந்து சாகும். வைத்தாள். காலையில் சிரட்டையெல்லாம் காலியாக இருந்தன. ஒரு நத்தைகூடச் சாகவில்லை. தம்பையாவின் ஆடு மட்டும் அடிக்கல்லில் சாய்ந்துகொண்டு, கண் செருகி, யாரையோ பார்த்துக் கனைத்துக்கொண்டிருந்தது.

"ஆத்தாடி, என் ஆட்டைக் குடிகாரனாக்கிப்புட்டியே!"

"கட்டியிருந்த ஆடு எப்பிடி மாமா தோட்டத்துக்கு வந்திச்சு?"

தம்பையா கயிற்றைப் பார்த்தார். கயிறு அவிழவில்லை. அடிக்கல்தான் தோட்டத்தின் பக்கமாகச் சரிந்து, ஆட்டுக்கு எட்டும் தூரத்தைக் கூட்டிக் கொடுத்திருந்தது.

"ஆடு இழுத்திருக்கும்," என்றார் தம்பையா.

"கல்லையே இழுக்குற ஆடு கம்ப இழுக்காதா?"

தம்பையா கயிற்றைச் சுருக்கிக் கட்டினார். நிரஞ்சலாவுக்கு அந்த மாதத்தில் கிடைத்த ஒரே வெற்றி அது. அதுவும் நிலைக்கவில்லை. தோட்டத்தின் மேல் ஓரத்தில், தேயிலை தொடங்கும் இடத்தில், மண் வாய் பிளந்திருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தாள். கை நுழையும் அளவுக்கு நீளமாக ஒரு வெடிப்பு.

"பெருச்சாளி," என்றாள் ஜெயலெட்சுமி.

பெருச்சாளிக்கும் மருந்து இருந்தது. சாணி, மாட்டு மூத்திரம், உள்ளிப்பூண்டு எல்லாம் போட்டு ஊறவைத்த கரைசல் ஒரு பீப்பாய் நிறைய நுரைத்துக்கொண்டிருந்தது. முன்ஸிப் சேருக்குக் காட்டத்தான் வைத்திருந்தாள். வேறு வழியில்லை. ஒரு வாளி ஊற்றினாள். வெடிப்பு அதைக் குடித்தது. இன்னொரு வாளி. அதையும் குடித்தது. பீப்பாயைக் கவிழ்த்தே ஊற்றினாள். ஒரு சொட்டு மேலே நிற்கவில்லை.

"பெருச்சாளிக்கு என் ஆட்ட விடத் தாகம் போலருக்கு," என்றார் தம்பையா.

மறுநாள் வெடிப்பு இன்னும் நீண்டிருந்தது.

"குடும்பத்தோட குடிவந்திருச்சு," என்றாள் ஜெயலெட்சுமி.

மாதக் கடைசி நெருங்கியது. நமுனுகுல மலையைக் கறுப்பு மேகம் மூடிக்கொண்டது. கம்புகளை நிமிர்த்தி நிமிர்த்தி நிரஞ்சலாவின் உள்ளங்கை உரிந்துபோயிருந்தது. கடைசி முயற்சியாக, மாடு கட்டும் தடித்த கயிறு ஒன்றை இரவல் வாங்கினாள். கம்புகளின் தலையையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துக் கட்டி, மறுமுனையை மேலே தேயிலைக்குள் நின்ற சவுக்கு மரத்தில் முடிந்தாள். செடி நோகக் கூடாது என்று கயிற்றைக் கொஞ்சம் தொய்வாகவே விட்டாள்.

மறுநாள் தொய்வைக் காணவில்லை. கயிறு வீணைத் தந்திபோல விறைத்து நின்றது. விரலால் தட்டினால் சத்தம் வந்தது.

"தம்பையா மாமா, கயித்த யாரு முறுக்குனது?"

"நான் இனிமே ஒன் தோட்டப் பக்கமே திரும்ப மாட்டேன். என்னையும் என் ஆட்டையும் விட்டுரு தாயி!"

அவர் சொல்லி முடிக்கவில்லை, 'டப்' என்று கயிறு அறுந்தது. அறுந்த முனை சவுக்கு மரத்தைச் சுற்றிக்கொண்டது. கம்புகள் முன்பைவிட ஆழமாகக் கும்பிட்டன.

அன்று சாயந்தரம் லயத்துச் சனம் நிரஞ்சலாவின் வாசலுக்கு வந்தது. பின்சுவரில் மேலிருந்து கீழாக வெடிப்பு விட்டிருக்கிறது. ஐந்து காம்பிராக்களின் கதவு திறக்கவில்லை. தண்ணீர் குடிக்க முடியவில்லை. எல்லாவற்றுக்கும் காரணம் அவளுடைய குழி, அவளுடைய கான், அவளுடைய நாற்றம்.

"சொவத்தக் கெடுத்துப்புட்டா. தொரைக்குத் தெரிஞ்சா நம்மள நடுத்தெருவுல விடுவான்," என்றார் ஒருவர்.

"நாளைக்கு வர்ற சேர்கிட்ட எல்லாத்தையும் நானே சொல்றேன்," என்றாள் செசிலி.

ஜெயலெட்சுமி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். நிரஞ்சலா வாசற்படியில் ஏறி நின்றாள்.

"சொல்லுங்க. நல்லாச் சொல்லுங்க. தொர கட்டித் தராத சொவரு, கந்தோரு ஒழுங்கா வெட்டாத கானு, எம்.பி. நட்டுட்டுப் போன கல்லு... எவனப் பாத்தும் ஒரு வார்த்த கேக்காத சனம், சாணி கரைச்சவகிட்ட வந்து நியாயம் கேக்குது! ஒண்ணு சொல்றேன். எனக்கு இந்த வேலை கெடைச்சா, இந்த லயத்த விட்டே போயிருவேன். அம்மாவையும் கூட்டிக்கிட்டு பதுளையில ரூம் எடுத்துருவேன். அதுக்காவது நாளைக்கு ஒரு நாள் வாய மூடிக்கிட்டு இருங்க."

செசிலி யோசித்தாள்.

"நெசமாவே போயிருவியா?"

"போயிருவேன்."

"அப்பச் சரி. நாளைக்கு மாதாவுக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்துறேன்."

மறுநாள் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மேல் ரோட்டில் நிறுவனத்து வேன் நின்றது. முன்ஸிப் சேர் குடையோடு இறங்கினார். வேன் டிரைவரும் பின்னாலேயே வந்தான். நாற்பது வயதிருக்கும்; மெலிந்த ஆள்.

"இவன் யாகோப்பு. கொஸ்லந்தப் பக்கத்து ஆள்," என்றார் சேர். "வேன்ல இருக்கச் சொன்னாலும் கேக்க மாட்டான். எந்த லயத்துக்குப் போனாலும் எறங்கி ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டுத்தான் வருவான்."

யாகோப்பு யாரோடும் பேசவில்லை. தேத்தண்ணி கொடுத்ததற்கும் வேண்டாம் என்று தலையாட்டினான். லயத்துச் சனம் வாசல்களில் நின்று, வாயை இறுக்கி மூடிக்கொண்டு பார்த்தது. செசிலி உதட்டை விரலால் பொத்தியே வைத்திருந்தாள்.

முன்ஸிப் சேர் சரிந்த கம்புகளுக்கு முன்னால் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டார்.

"மிஸ்... இதெல்லாம் சாஞ்சிருக்கே?"

மூன்று வருஷம், மாலை, சிரிப்பு, உரிந்த உள்ளங்கை, எல்லாம் ஒன்றாக நிரஞ்சலாவின் நினைவுக்கு வந்தன. பிறகு பல்கலைக்கழகம் அவளுக்கு உண்மையிலேயே கற்றுக்கொடுத்த ஒரே கலை கைகொடுத்தது. தெரியாததற்குப் பெரிய பெயர் வைக்கும் கலை.

"சாய்வுப் பந்தல் முறை சேர். வெயில் சமமா விழும். காய் பறிக்கக் குனியத் தேவையில்ல."

"அப்பிடியா!" சேர் போனை எடுத்துப் படம் பிடித்தார். "குழியில தண்ணி நிக்குதே?"

"நிலத்தடி ஈரத்த அப்படியே பயன்படுத்துற முறை சேர். தண்ணி ஊத்த வேண்டிய வேலையே இல்ல."

"மண்புழு மேலேயே நிக்குது, மாஷா அல்லாஹ்! இந்த வெடிப்பு?"

"மண்ணுக்குக் காத்தோட்டம் சேர்."

முன்ஸிப் சேர் நெகிழ்ந்து போனார். இத்தனை வருஷ வேலையில் இப்படி ஒரு தோட்டத்தைத் தான் பார்த்ததில்லை என்றார். அது உண்மைதான். ஒண்டாந் தேதி பதுளைக் கந்தோருக்கு வரச் சொன்னார். இதே முறைகளை ஊவா மாகாணத்து லயங்கள் அத்தனைக்கும் அவளே கற்றுக்கொடுக்க வேண்டும் என்றார். ஜெயலெட்சுமி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். தம்பையா ஆட்டை அணைத்துக்கொண்டு, "கெட்டிக்காரி! எங்க லயத்துப் புள்ள!" என்றார். செசிலிகூட வாயிலிருந்து விரலை எடுத்துவிட்டு, மாதாவுக்கு நன்றி சொன்னாள்.

மூன்று வருஷத்துக்குப் பிறகு நிரஞ்சலா மனசாரச் சிரித்தாள். இந்த முறை முதுகு வலிக்கவில்லை.

மழைத் துளி விழத் தொடங்கியது. முன்ஸிப் சேர் குடையை விரித்துக்கொண்டு மேட்டில் ஏறினார். யாகோப்பு மட்டும் நகரவில்லை. அவன் வெடிப்பின் ஓரமாக அந்தக் கடைசியிலிருந்து இந்தக் கடைசி வரை நடந்துவிட்டு வந்து, சவுக்கு மரத்தில் தொங்கிய அறுந்த கயிற்றைக் கையில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இது எப்ப அறுந்திச்சு தங்கச்சி?"

"நேத்து."

"தானாவா?"

"தானாத்தான்."

அவன் லயத்தின் பக்கம் திரும்பினான். "பின்கதவெல்லாம் தொறக்குதா?"

நிரஞ்சலாவின் சிரிப்பு நின்றது. கதவைப் பற்றி இவனுக்கு யார் சொன்னார்கள்? செசிலியைப் பார்த்தாள். செசிலி சத்தியமாக நான் இல்லை என்று தலையாட்டினாள்.

"ஏன் அண்ணே?"

யாகோப்பு கயிற்றைக் கீழே போட்டான். மழையில் நனைந்தபடியே, யாரையும் பயப்படுத்தக் கூடாது என்பதுபோல மெதுவாகச் சொன்னான்.

"ஒண்டாந் தேதி வரைக்கும் இருக்காதீங்க தங்கச்சி, இப்பவே லயத்துல உள்ள எல்லாரையும் கூட்டிக்கிட்டு வேனுக்கு ஏறுங்க, எங்க லயத்து மேல மல சரிஞ்சு எறங்குறதுக்கு முந்தியும், மொதல்ல போஞ்சிக் கம்புதான் சாஞ்சிச்சு."